கடைமடையிலிருந்து கணக்கைத் தொடங்கு

நாகர்கோவில்

அன்பு மக்களே,

தோவாளை சானலில் முறைவைத்துத் தண்ணீர் விட நீ போட்ட திட்டம் வந்து சேர்ந்தது. ஏக்கர், பயிருக்கு வேண்டிய தண்ணீர், சானலின் கொள்ளளவு மூன்றையும் வைத்துக் கிழமைவாரியாகப் பங்கு பிரித்திருக்கிறாய். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பரீட்சையில் முழு மார்க் கிடைக்கும்.

பாசன வேலையில் ஊறினவர்கள் இதை இப்படித் தொடங்கமாட்டார்கள். கேள்வித்தாள் தந்த எண்களை நீ அப்படியே நம்பிவிட்டாய். அவர்கள் முதலில் அந்த எண்களையே விசாரிப்பார்கள். பதிவேட்டில் நெல் என்றிருக்கும் இடத்தில் இன்று வாழை நிற்கும், சில இடத்தில் மனைக்கல் நிற்கும். கன்னிப்பூ போக நெல் எல்லா வயலிலும் ஒரே நாளில் அறுவடையாகாது. முந்தி அறுத்தவர் அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழவுத் தண்ணீர் கேட்கும்போது, பிந்தி நட்டவர் வயலை வடியவிடச் சொல்லுவார். பேச்சிப்பாறை அணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும் நேரமும், வழியில் மண் குடிக்கும் அளவும் உன் தாளில் எங்கே? வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகிவிட்டால் அந்தக் குளத்துப் பத்துக்குச் சானல் தண்ணீரே வேண்டாம்.

இது பாசன வேலையில் மட்டுமல்ல. அமெரிக்காவில் சிந்தியா ஆட்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பொறியியல் மாணவர்களிடமும் அனுபவமுள்ள பொறியாளர்களிடமும் ஒரே வேலையைக் கொடுத்தார்கள்: குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் வடிவமைக்க வேண்டும். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில், அனுபவசாலிகள்தான் பிரச்சினை என்னவென்று வரையறுக்கக் கூடுதல் நேரம் எடுத்தார்கள். கூடுதல் தகவலும் தேடினார்கள்.

அதற்காக வேலையில் இருப்பவர் சொல்வதெல்லாம் சரி என்று எண்ணிவிடாதே. ‘போன வருஷம் விட்டபடியே விடு’ என்பதும் அவர்களிடம் உண்டு. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தபோது இங்கே நெல்தான் பெரிது. பயிர் மாறின பிறகும் பழைய வழக்கத்திலேயே ஷட்டர் திறந்தால் கடைமடைக்காரன்தான் காய்வான். அங்கே உன் கணக்கு கட்டாயம் வேண்டும்.

இனி இப்படிச் செய். கடைசி வயலில் தண்ணீர் நிற்க வேண்டிய நாளை முதலில் எழுது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஷட்டர் திறக்கும் நாளுக்கு வா. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று குறி. மழை வந்தால் எந்த மடையை முதலில் அடைப்பது, வராவிட்டால் யாருக்குக் குறைப்பது என்பதைத் தனித்தாளில் எழுது. ஷட்டர் திறக்கும் லஸ்கரிடம் நான் பேசிவைக்கிறேன். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடு. சானல் கரையோடு நடந்து அவரிடமே கேட்டுவிடலாம்.

அன்புடன்,
மாமா