இணையத்தில் தார்ப்பாய், பம்பு, விதை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அறுவடை நெருங்கும்போது களத்துக்குத் தார்ப்பாய் வாங்குவது சிறு விவசாயிகளின் வழக்கம். டவுன் கடைக்குச் சென்று, தார்ப்பாயின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்து, கையில் தூக்கிப் பார்த்து, விலை பேசி வாங்கி வருவார்கள். இப்போது பலர் செல்போனில் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். படத்தில் தார்ப்பாய் கனமாகவே தெரியும். வீட்டுக்கு வந்து பிரித்தால் மறுபக்கம் நிற்கும் ஆள் தெரிகிறார். இரவில் மழை பிடித்துக்கொண்டால் அடியில் கிடக்கும் நெல் நனைந்து முளை கட்டிவிடும். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால், அரசு தளர்வு அறிவித்தாலொழிய, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பதில்லை. தார்ப்பாயில் மிச்சம் பிடித்தது 800 ரூபாய் என்றால், களத்தில் போவது எத்தனை மூட்டை என்பதை விவசாயிகளே அறிவார்கள்.

விளம்பரத்தில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் அதில் எண்கள் இருக்கின்றன. நீளம், அகலம், எடை, தடிமன், குதிரைத்திறன், லிட்டர் எனப் பல எண்களைப் போட்டிருப்பார்கள். ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு வைத்துக் கணக்குப் பார்த்தால், பல பொய்கள் பணம் கட்டுவதற்கு முன்பே வெளிப்பட்டுவிடும். இதற்கு ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும்.

தார்ப்பாய்க் கணக்கு

தார்ப்பாயின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று குறிப்பிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் தார்ப்பாய் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதே இதன் பொருள். 24 அடிக்கு 18 அடி தார்ப்பாய் 432 சதுர அடி. இதை 10.76ஆல் வகுத்தால் சுமார் 40 சதுர மீட்டர் வரும். அது உண்மையாகவே 250 ஜி.எஸ்.எம். என்றால் எடை 10 கிலோ இருக்க வேண்டும். அதே விளம்பரத்தைக் கீழே இறக்கிப் பார்த்தால், விவரப் பட்டியலில் 'பொருளின் எடை 4.2 கிலோ' என்று இருக்கக்கூடும். 4,200 கிராமை 40ஆல் வகுத்தால் 105. ஆக, தலைப்பில் 250 என்று எழுதி விற்பது 105 ஜி.எஸ்.எம். சரக்கு. பொய் சொன்னவரே அதைக் காட்டிக் கொடுக்கும் எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்!

ஓரத்தை மடித்து ஒட்டுவதில் அரை அடி போல அளவு குறைவது உண்டு. அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் பாதி எடை குறைவதற்கு மடிப்பைக் காரணம் காட்ட முடியாது. எடையே எழுதாத விளம்பரமானால், விற்பவரிடம் எடையைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

காய்கறிக்கு விரிக்கும் மல்ச்சிங் ஷீட்டுக்கும் இதே கணக்குதான். 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் தடிமன் கொண்ட ஒரு சுருள் சுமார் 11 கிலோ இருக்கும். 7 கிலோவுக்குக் கீழே வந்தால் அது 15 மைக்ரான் அளவுத் தாள். மூன்று நான்கு மாதப் பயிருக்கு அது தாங்காது. அறுவடைக்கு முன்பே கிழிந்து, களை மேலே வந்துவிடும்.

பம்பு விளம்பரத்தில் இரண்டு 'அதிகபட்சம்'

பம்பு வாங்குவோர் பெரிதும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். '1 எச்.பி., அதிகபட்ச உயரம் 40 மீட்டர், அதிகபட்ச நீர் மணிக்கு 6,000 லிட்டர்' என்று விளம்பரம் சொல்லும். படிப்பவர், 40 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 6,000 லிட்டர் ஏறும் என்று எடுத்துக்கொள்கிறார். அப்படி அல்ல. அதிகபட்ச உயரத்தில் நீர் வெளியே வராது. குழாயில் அந்த மட்டம் வரை ஏறி நின்றுவிடும். அதிகபட்ச நீர் என்பது ஏறக்குறைய உயரமே இல்லாத இடத்தில் கிடைப்பது. இரண்டு எண்களும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது அவை பொய்யான எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன.

இதையும் கணக்கில் பிடிக்கலாம். நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை மீட்டர் உயரத்தாலும், பிறகு 9.8ஆலும் பெருக்கினால் நீரைத் தூக்கத் தேவையான சக்தி வாட்டில் வரும். மணிக்கு 6,000 லிட்டர் என்பது நொடிக்கு 1.67 லிட்டர். அதை 40 மீட்டர் தூக்க சுமார் 650 வாட் வேண்டும். 1 எச்.பி. மோட்டார் கொடுப்பது 746 வாட். சிறிய பம்புகள் அதில் பாதியையோ அதற்கும் குறைவாகவோதான் நீரைத் தூக்கப் பயன்படுத்துகின்றன, மீதி வீணாகிவிடும். ஆகவே அந்த உயரத்தில் அந்த அளவு நீர் வர வழியே இல்லை.

எந்த உயரத்தில் எத்தனை லிட்டர் என்ற அட்டவணையை நல்ல கம்பெனிகள் கொடுக்கின்றன. தன் கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து தொட்டி வரையுள்ள உயரத்தை அளந்து, குழாய் உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்து, அந்த வரியில் உள்ள லிட்டரைப் பார்க்க வேண்டும். அட்டவணை இல்லாத பம்பை விட்டுவிடுவதே நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டிருந்தால், அதன் கீழ் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு உரியது என்பது தெரிந்துவிடும். மின்விசிறிக்கு வாங்கிய எண்ணைப் பம்பில் ஒட்டியிருந்தாலும் அகப்பட்டுவிடும்.

பேட்டரி ஸ்பிரேயரில் பார்க்க வேண்டியது டேங்க் அளவை அல்ல, பேட்டரியை. 12 வோல்ட் 8 ஆம்பியர் மணி, 12 வோல்ட் 12 ஆம்பியர் மணி என இரண்டு உண்டு. முன்னதைக் காட்டிலும் பின்னது ஒன்றரை மடங்கு வேலை செய்யும். ஈய பேட்டரியானால் முன்னது இரண்டரைக் கிலோவுக்குள் இருக்கும். பின்னது மூன்று கிலோவுக்கு மேல் போகும். பேட்டரியைக் கழற்றி மளிகைக் கடைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும்.

விதைக்கு எடை உதவாது

விதை விஷயத்தில் மேற்சொன்ன கணக்கு எதுவும் பயன்படாது. நல்ல விதையும் கெட்ட விதையும் ஒரே எடைதான். ஏமாற்றுபவருக்கு வசதியான பொருளும் இதுதான். உண்மை தெரியவே மூன்று மாதம் ஆகும்.

நீலநிற ஸ்டிராபெரி, வானவில் நிற ரோஜா என்று வண்ணப்படம் போட்டு விற்கும் விதைகள் முழுப்பொய். நீல ஸ்டிராபெரி என்ற பயிரே இல்லை. ரோஜா ரகங்களைப் பதியன், ஒட்டு மூலமாகப் பெருக்குகிறார்களே தவிர விதையிலிருந்து அல்ல. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் மாடித் தோட்டக்காரர்கள். விவசாயிகளுக்குப் பெரிய நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது.

பப்பாளியை எடுத்துக்கொள்ளலாம். 'நூற்றுக்கு நூறு பெண் செடி' என்று விற்கும் விதையை நம்பக் கூடாது. கோ.2 போன்ற ரகங்களில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதைத்தால் ஏறக்குறைய பாதி ஆணாகவே வரும். கோ.3, கோ.7 போன்றவற்றில் பெண் மரங்களும் இருபால் பூ மரங்களும் வரும்; எல்லாம் காய்க்கும். எந்த ரகம் என்று பெயர் போடாமல் 'பெண் செடி' என்று மட்டும் சொல்பவர் எதை அனுப்புகிறார் என்பது பூ வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் நீர், உரம், கூலி எல்லாம் போய்விட்டிருக்கும்.

இன்னொரு வகை, பெரிய டின்னைப் பிரித்து, 100 விதை, 200 விதை என்று சிறு பாலித்தீன் பைகளில் அடைத்து விற்பது. பையின் மேல் ரகத்தின் பெயர் இருக்கும்; குவியல் எண் இராது, பரிசோதித்த தேதி இராது, முளைப்புத்திறன் இராது. கடையில் வாங்கும் சான்று விதையில் நீல அட்டையும், ஆதார விதையில் வெள்ளை அட்டையும் இருக்கின்றன. உண்மைநிலை விதைக்கும் விவர அட்டை உண்டு. அந்த அட்டையின் படம் விளம்பரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ரகம், குவியல் எண், பரிசோதனை நாள், காலாவதி நாள், முளைப்புச் சதவீதம் ஆகியவற்றைப் படிக்க முடிய வேண்டும். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்பவருக்கு உரிமம் வேண்டும். பில்லும் தர வேண்டும். இணையத்தில் விற்பதால் இந்தக் கடமை போய்விடுவதில்லை.

பார்சல் வந்ததும் விதைத்துவிடக் கூடாது. 100 விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் 25 வீதம் நான்கு வரிசையாக வைத்து, சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். நெல் விதைக்கு 80, தக்காளி, கத்திரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம் என்பது சான்றளிப்புக்குரிய குறைந்தபட்ச முளைப்புத்திறன். தக்காளி, கத்திரி, மிளகாய்க்கு 14 நாள் வரை பொறுத்து எண்ண வேண்டும். பட்டம் தவறிவிடும் என்ற அவசரத்தில் இதைச் செய்வதில்லை. ஆகவே ஆர்டர் போடுவதையே மூன்று வாரம் முன்தள்ளிக்கொள்வது ஒன்றே வழி.

பூச்சி மருந்து

பூச்சிக்கொல்லிகளை இணையத்தில் விற்க 2022 நவம்பரில் பூச்சிக்கொல்லி விதிகளைத் திருத்தி மத்திய அரசு வழி செய்தது. உரிமம் உள்ளவரே விற்கலாம். அந்த உரிமத்தைச் சரிபார்ப்பது இணைய வணிக நிறுவனத்தின் பொறுப்பு. புட்டியில் பதிவு எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், நச்சுத்தன்மையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம் அல்லது பச்சை நிறக் கட்டம் ஆகியவை இருக்க வேண்டும். 'எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து, முழுக்க இயற்கை' என்று விற்பதில் உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று எழுதவில்லையென்றால், அதை விலையில்லாமல் கொடுத்தாலும் பயிருக்குத் தெளிக்கக் கூடாது.

விலையும் நட்சத்திரமும்

4,999 ரூபாயை அடித்துவிட்டு 1,299 என்று போடுவதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். அதே பொருள் டவுன் கடையில் என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேட்பதே சரியான ஒப்பீடு. 'இன்னும் இரண்டே பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி தடை செய்யப்பட்ட செயல். வாங்கியவர்களின் கருத்துகளில் ஐந்து நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டு, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் போட்டிருக்கும் படங்களைப் பார்ப்பது பயன் தரும். தார்ப்பாய்ப் பக்கத்தில் குடையைப் பற்றிப் புகழ்ந்து எழுதியிருந்தால், அந்த நட்சத்திரங்கள் வேறு பொருளுக்கு வந்தவை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏமாந்துவிட்டால்

பணம் கட்டும் முன் விளம்பரம் முழுவதையும், கீழே உள்ள விவரப் பட்டியல் உட்பட, செல்போனில் படமெடுத்து வைக்க வேண்டும். விற்பவர் மறுநாளே எண்ணை மாற்றிவிட முடியும். பார்சலைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியும்படி, ஆரம்பம் முதல் வீடியோ எடுக்கச் சொல்ல வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். தராசில் வைத்த எடையும் அதே வீடியோவில் வரட்டும்.

'திருப்பி எடுப்பதில்லை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. இணைய நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதற்கு அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், விவசாயி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

விதை வாங்கும் விவசாயி 'நுகர்வோர்' ஆவாரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தேசிய விதைக் கழகத்தின் வழக்கில், 2012 ஜனவரியில், ஆவார் என்று தீர்ப்பாயிற்று. சோதனைக்கு அனுப்ப விதை மீதி இல்லையே என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை; வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவதே விவசாயியின் வழக்கம் என்று சொன்னது. ஆனாலும் ஒரு கைப்பிடி விதையை, அட்டையோடும் பையோடும் பில்லோடும் சேர்த்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால், வேளாண்மை உதவி அலுவலரை வயலுக்கு அழைத்துக் காட்டும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.