சத்தம் எங்கே நின்றது?

1990 இல் யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே இடையில் டயோட்டுகளும் கொள்ளளவியும் பூட்டினோம். பேச்சை மூடி இரைச்சல் கேட்டால் முதலில் கொள்ளளவியைத்தான் பார்ப்போம், வானொலியைக் கழற்றமாட்டோம்.

டி.வி.டி. பிளேயரில் படம் வந்து சத்தம் வராவிட்டாலும் வழி இதுவே. ரீ.வி.யில் வேறொரு நிகழ்ச்சியைப் போடுங்கள். அதில் சத்தம் வந்தால் ரீ.வி.யில் பிழையில்லை. அடுத்து வயர்கள். மஞ்சள் வயர் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படம் தெரிவதால் வயரெல்லாம் சரியென்று எண்ணவேண்டாம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் செருகிகளில் களிம்பு பிடிக்கும். மின்னை நிறுத்தி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகும் ஊமையென்றால், மஞ்சள் வயரைக் கழற்றி இரு பக்கமும் வெள்ளைத் துளைகளில் செருகுங்கள். படம் மறையும், சத்தம் வந்தால் பழுது வெள்ளை வயரில். புது வயர் போதும், புதுப் பிளேயர் வேண்டாம்.

மற்றவையெல்லாம் பேச, கனடாவிலிருந்து பென்டிரைவில் வந்த கலியாணப் படம் மட்டும் பேசாதிருக்கலாம். அம்மம்மாவின் வாழ்த்து போய்விட்டதென்று அதை அழித்துவிடாதீர்கள். ஒலிப்பதிவு உங்கள் பிளேயருக்குப் புரியாத வகையில் இருக்கக்கூடும். கணினியில் வி.எல்.சி. மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அங்கே குரல் கேட்டால், ஒலியை எம்.பி.3 ஆக மாற்றி இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.