தவழ்தல்: ஒரு திருத்தம்

பல்லாண்டுகளுக்கு முன்னர், எட்டாம் வகுப்பு மாணவனொருவன் கடற்கரைக் காட்சி பற்றிய கட்டுரையில், "ஆமை மணலிலே தவழ்ந்து சென்றது" என்று எழுதியிருந்தான். யான் அதனைச் சிவப்பு மையாற் கோடிட்டு, "தவழ்தல் குழவிக்கே உரியது, ஆமை ஊரும்" எனத் திருத்தி, ஒரு புள்ளியையும் குறைத்தேன். அவன் மறுத்துரைத்திலன். மறுப்புரைக்க இடங்கொடுக்கும் ஆசிரியனாக யானும் அந்நாளில் இருந்திலேன். அத்திருத்தம் தக்கதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். காலில்லாப் பாம்பும் ஊரும். ஆறு கால் படைத்த எறும்பும் ஊரும். குதிரைமீது செல்வோனும் அதனை ஊர்கின்றான். ஊர்தி என்னும் பெயர் அவ்வழிப் பிறந்ததன்றோ! தவழ்தலோ குழந்தைக்கும் உண்டு. மலைமுகட்டில் முகிலுக்கும் உண்டு. தொல்காப்பிய மரபியல், பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைக் கூறி, அவை தவழ்பவற்றுக்கும் உரியன என்கின்றது. இவ்விதிக்கு இயையவே சங்கச் செய்யுளில் ஆமையின் குஞ்சு பார்ப்பு எனப்படுகின்றது. ஆதலின், தவழ்தல் குழவிக்கே உரியதென யான் வகுத்த விதி நூல்வழி நில்லாதென்பது தெளிவு.

இனி, உயிர்களின் செலவினை நோக்குவோம். மண்புழுவின் உடலில் வட்டத் தசைகள் சுருங்கும்போது உடல் மெலிந்து நீளும். நெடுந்தசைகள் சுருங்கும்போது பருத்துக் குறுகும். தோலிலுள்ள நுண்ணிய முட்கள் மண்ணைப் பற்றிப் பின்வழுக்காமற் காக்கும். பாம்போ உடலை வளைத்து, கல்லும் வேரும் போன்றவற்றைப் பக்கவாட்டில் உந்தி முன்னேறும். கேம்பிரிட்ஜ் விலங்கியலறிஞர் ஜேம்ஸ் கிரே 1946 ஆம் ஆண்டில் இவ்வியக்கத்தின் பொறிமுறையை விளக்கினார். பருத்த மலைப்பாம்பு வயிற்றுச் செதில்களை அலையலையாக முன்னிழுத்து ஊன்றி, வளையாது நேராகவும் செல்ல வல்லது. அதன் வாலடியின் இருமருங்கும் காணப்படும் சிறு உகிர்கள், முன்னோர்க்கிருந்த பின்னங்கால்களின் எச்சங்களாம். பாம்பின் காலைப் பாம்பே அறியும் என்னும் பழமொழியை நகைத்துரைக்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

ஆமைக்கு வருவோம். கடலாமை நீரில் விரைந்து நீந்தும். முட்டையிடக் கரையேறும் பெண்ணாமையோ தன் பாரமெல்லாம் மணலில் அழுந்தத் துடுப்புக் கால்களால் உடலை இழுத்துச் செல்கின்றது. பேராமை முன்னிரு துடுப்புகளையும் ஒருங்கே வீசி ஊன்றும். சிற்றாமை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி ஊன்றும். ஆதலின், விடியலில் மணற்சுவட்டைக் காண்போர், இரவில் வந்தது எவ்வினமென உய்த்துணர்தல் கூடும். வயிறு தரையைத் தீண்ட, கைபோன்ற உறுப்பால் ஊன்றி இழுத்துச் செல்லும் இச்செலவினைத் தவழ்தல் என்னாது வேறென்னென்பது?

குழவியின் தவழ்தலும் இத்தகையதே. வலக்கையும் இடமுழந்தாளும் ஒருங்கு முன்செல்ல, பின் இடக்கையும் வலமுழந்தாளும் செல்லும். நாம் நடக்கும்போது வலக்காலுடன் இடக்கையை வீசுவதும் இம்முறையே. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர், கையூன்றித் தலைநிமிர்த்தி அசையும் குழவியைச் செங்கீரைப் பருவத்திலும், தளர்நடையிட்டு வரும் குழவியை வருகைப் பருவத்திலும் கண்டு மகிழ்ந்தனர். எனினும், எல்லாக் குழந்தைகளும் தவழ்ந்தே நடக்கத் தொடங்குவதில்லை. சில அமர்ந்தவாறே நகரும். சில நேரே எழுந்து நடக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2022 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் படிநிலைகளில் தவழ்தல் இடம்பெறவில்லை. ஆதலின், தவழவில்லை என்னும் அவ்வொன்றையே கொண்டு பெற்றோர் கலங்க வேண்டுவதில்லை. ஐயமுளதாயின் மருத்துவரை வினவுக.

நிற்க. மரபியலை முறையாகக் கற்பிக்கப் புகுந்த ஆண்டிலேதான் என் பிழை எனக்குப் புலனாயிற்று. அப்போது அம்மாணவன் கல்லூரியை விட்டு நீங்கியிருந்தான். அவன் கண்டதை எழுதினான். யானோ காணாததைக் கொண்டு அவனைத் திருத்தினேன். விதி கற்பித்தல் எளிது. விதிக்குள் அடங்காத உயிரை உற்றுநோக்கக் கற்பித்தலே அரிது. கோடிடுமுன் ஒருகால் அவனை வினவியிருப்பேனாயின், அக்கடற்கரையில் அவன் கண்டதனை யானும் கற்றிருப்பேன். பழைய மாணவர் பலர் கைக்கு இம்மலர் செல்லும். அவருள் அவ்வன்பரும் ஒருவராயின், அன்று குறைத்த அந்த ஒரு புள்ளியை ஈண்டு மனமுவந்து அளிக்கின்றேன். ஆமை தவழும்.