ஆண்டிறுதி மலைப் பயணம்: யான் வட்டார மின்கார்களுக்கான பருவகால ஆலோசனை

மின்காரில் மலையேறும்போது பேட்டரியை அடிவாரத்தில் நிரப்ப வேண்டும். உச்சியில் நிரப்பக் கூடாது. கெடாவின் யான், குவார் செம்பெடாக், குருண் பகுதிகளிலிருந்து ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கோ ஜெராய் மலைக்கோ புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வீட்டில் நிரப்பிய பேட்டரியை நம்பி நேரே மேலே போய், அங்கே சார்ஜர் தேடி வரிசையில் நிற்கின்றன.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். நார்வே போன்ற நாடுகளில் உறைபனிக் காலத்தில் மின்காரின் ஓட்டத் தூரம் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைவது வழக்கம். கேமரன் மலையின் இரவுக் குளிர் 15 டிகிரி செல்சியஸை ஒட்டியது. பேட்டரிக்கு அது பெரிய சுமை அல்ல. சமவெளி வெயிலில் இடைவிடாமல் ஓடும் ஏர்கோன் மேலே ஏறியதும் ஓய்வதால் கொஞ்சம் மிச்சமும் உண்டு. இந்தப் பருவத்தில் பயணத்தைக் கெடுப்பவை மழையும் கூட்டமும்தான்.

மலையேற்றத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகும் என்பதை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய நடுத்தர மின்காரின் எடை ஏறத்தாழ 2,000 கிலோ. அதை அடிவாரத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தா நகரின் உயரத்துக்கு, அதாவது சுமார் 1,400 மீட்டர், தூக்குவதற்கு மட்டும் 7.6 யூனிட் வேண்டும். (மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான்; ஒரு கிலோவாட் மணி.) அந்த 80 கிலோமீட்டர் சாலையில் சக்கரம் உருளவும் காற்றைக் கிழிக்கவும் மேலும் 12 யூனிட். ஆக, ஏறுவதற்கு ஏறத்தாழ 20 யூனிட். பி.ஒய்.டி. அட்டோ 3, புரோட்டோன் இ.மாஸ் 7 ஆகியவற்றில் பெரிய பேட்டரி உள்ள வகைகள் சுமார் 60 யூனிட் கொள்ளும். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஏற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

யானிலிருந்து சிம்பாங் பூலாய் சுமார் 240 கிலோமீட்டர். பிளஸ் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிப் போனால் நூறு கிலோமீட்டருக்கு 17 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 41 யூனிட். வீட்டில் முழுதாக நிரப்பிய 60 யூனிட் பேட்டரியில் அங்கே 19 யூனிட் மிஞ்சும். ஏற்றத்துக்கு வேண்டியதோ 20. மலை தொடங்கும் இடத்தில் கார்த்திரை 30 விழுக்காட்டுக்கு மேல் காட்டும். ஓட்டுநருக்கும் தைரியம் வரும். அந்தத் தைரியம் பாதி மலையில் கைவிட்டுவிடும். திரை காட்டும் மீதித் தூரம் பெரும்பாலும் அதுவரை ஓடிய சமவெளிச் சாலையை வைத்துப் போட்ட கணக்கு. வழிகாட்டியில் போகுமிடத்தைக் குறித்தால் ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடும் கார்கள் உண்டு. எல்லாக் கார்களும் அப்படி அல்ல.

ஆகவே ஈப்போவிலோ சிம்பாங் பூலாயிலோ நிறுத்தி 80 விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். சிம்பாங் பூலாய் ஷெல் நிலையத்தில் 180 கிலோவாட் விரைவு சார்ஜர் உண்டு. 80 கிலோவாட்டுக்கு மேல் வாங்காத காரை அதில் செருகினாலும் 80தான் ஏறும். அதனால் பெரிய சார்ஜரில் இடம் இல்லையென்று காத்திருப்பதைவிட, பக்கத்தில் காலியாக இருக்கும் சிறிய சார்ஜரே மேல். 30 விழுக்காட்டிலிருந்து 80 வரை அரைமணி நேரத்தை ஒட்டி ஆகும். அதற்குமேல் மின்னோட்டம் சுருங்கிவிடும். கடைசி 20 விழுக்காட்டுக்காக நின்றால் ஏறத்தாழ இன்னொரு அரைமணி போகும், பின்னால் நிற்பவருடைய பொறுமையும் போகும். 50 யூனிட் பேட்டரி உள்ள சிறிய வகைக் கார்கள் சிம்பாங் பூலாய் வரை ஒரே ஓட்டமாகப் போக முயலக் கூடாது. பட்டர்வொர்த்துக்கும் தைப்பிங்குக்கும் இடையில் ஒருமுறை நிறுத்துவது நல்லது. கோலகங்சாரைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப்பாதைக்கு முன் வரும் ஏற்றமும் கொஞ்சம் விழுங்கும்.

80 விழுக்காட்டோடு ஏறினால் தானா ராத்தாவில் 28 யூனிட் இருக்கும். இரண்டு நாள் தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரிப் பண்ணை, பிரிஞ்சாங் சந்தை என்று சுற்றினாலும் 8 யூனிட்டுக்கு மேல் போகாது. மீதி 20 யூனிட் இறங்கப் போதுமா என்று அஞ்ச வேண்டியதில்லை. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, தூக்கச் செலவான மின்சாரத்தில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். 80 கிலோமீட்டர் இறக்கத்துக்கு நிகரச் செலவு 7, 8 யூனிட்தான். ஆகவே மலையில் சார்ஜ் செய்யாமலே திரும்பலாம்.

மலையில் முழுதாக நிரப்புவது வீண்வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. 100 விழுக்காடு நிறைந்த பேட்டரிக்குள் இறக்கத்தின் மின்சாரத்தை வாங்க இடம் இருக்காது. மோட்டார் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையைக் கைவிட, முழுச் சுமையும் பிரேக் தட்டுகள்மேல் விழும். ஈரச் சாலையில், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்குவது எந்தக் காருக்கும் ஆகாது. தங்கும் விடுதியில் இலவச சார்ஜர் இருந்தாலும் 80 விழுக்காட்டில் நிறுத்திவிட வேண்டும். இறங்கத் தொடங்குமுன் மோட்டார்வழி வேகத்தடுப்பை அதன் அதிகபட்ச நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு அருகிலிருக்கும் ஜெராய் மலைக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலை, கடாரத்துக்குக் கடல்வழி வந்த வணிகர்களுக்குத் தொலைவிலிருந்தே கரையைக் காட்டிய அடையாளம். யான் வயல்வெளியில் நின்றால் இன்றும் கண்ணை விட்டு அகலாது. குருண் பக்கச் சாலை வழியே போய்வர 60 யூனிட் பேட்டரியில் பாதி இருந்தாலே தாராளம். ஜெராயில் பார்க்க வேண்டியது வானத்தை. பிற்பகலில் மேகம் கட்டிக்கொள்ளும் என்பதால் காலையில் ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிடுவது நல்லது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயில் கொட்டிய மழை மரங்களையும் பாறைகளையும் சேற்றையும் யான் பக்கம் உருட்டிவந்து உயிர்களைக் காவு கொண்டது. அதன்பின் இம்மலையின் மழையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வானிலைத் துறையான மெட்மலேசியா ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தை ஒத்திப்போட வேண்டும்.

கிரீக் வழியாக ரோயல் பெலும் பூங்காவுக்குப் போக நினைப்போர் ஜனவரி இறுதி வரை பொறுக்கலாம். வடகிழக்குப் பருவமழையின் வேகம் கிழக்குக் கரையில் தணிய அதுவரை ஆகும். கெடாவிலும் அது வறண்ட காலம். அங்கே போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஊர்கள் குறைவு. மண் சரிந்து பாதையில் மணிக்கணக்காக நிற்க நேர்ந்தால், அடுத்த சார்ஜரும் தொலைவில்தான் இருக்கும்.

புறப்படுமுன் வீட்டில் ஏற்றுவதற்கும் நாள் கணக்கு உண்டு. சாதாரண மூன்று முனைப் பிளக்கில் செருகும் கம்பி மணிக்கு 2.3 யூனிட்தான் ஏற்றும். இரவு 10 மணிக்குப் போட்டால் காலை 6 மணிக்கு 18 யூனிட். பேட்டரி 20 விழுக்காட்டில் இருந்தால் மூன்று இரவுகள் வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குச் செவ்வாய் இரவே தொடங்க வேண்டும். பழைய தோட்ட வீடுகளிலும் மரவீடுகளிலும் வயரிங் பழசு. மணிக்கணக்காக 10 ஆம்பியர் ஓடினால் பிளக் சூடாகிக் கருகும். தொட்டுப் பார்த்துச் சுட்டால் உடனே நிறுத்தி, பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் சார்ஜ் போடுவது எந்த வீட்டிலும் கூடாது.

மழையில் சார்ஜ் செய்வதில் ஆபத்தில்லை. செருகியும் துளையும் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. செருகியைத் தண்ணீரில் போடாமல், தரையில் இழுக்காமல் இருந்தால் போதும். வெள்ளம் வேறு கதை. பல பேட்டரிப் பெட்டிகள் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்குவதாகச் சோதிக்கப்பட்டவை. அது ஆய்வுக்கூடத்து அமைதியான தண்ணீர். குப்பையும் கல்லும் அடித்துவரும் வெள்ளம் அல்ல. கோல யான், சுங்கை லீமாவ் கரையோரங்களில் பெருக்கின்போது ஏறிவரும் கடல்நீர் இன்னும் மோசம். உப்பு உள்ளே புகுந்தால் அரிப்பும் மின்கசிவும் நாள்கள் கழித்தும் தொடங்கும், தீயும் பற்றலாம். உள்தளத்துக்கு மேல் தண்ணீர் ஏறிய காரைச் செருகவோ இயக்கவோ கூடாது. வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தி, விற்பனை நிலையத்தை அழைத்து இழுத்துப் போகச் செய்ய வேண்டும். புகை தெரிந்தால் 999.

சார்ஜர் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி என்பது இந்நாட்டு மின்கார் உரிமையாளரின் தலைவிதி. இரண்டு மூன்றையாவது வீட்டு வைஃபையிலேயே இறக்கி, பதிவு செய்து, பணமும் போட்டுவைக்க வேண்டும். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காத வளைவுகள் நிறைய. விடுமுறைச் சனிக்கிழமை முற்பகலில் நெடுஞ்சாலை சார்ஜர்களில் கூட்டம் மிகும். விடியற்காலை 5 மணிக்கு யானிலிருந்து புறப்பட்டால் 8 மணியளவில் சிம்பாங் பூலாயை அடைந்து, மற்றவர்கள் வருமுன் ஏற்றிக்கொள்ளலாம். சார்ஜ் ஏறி முடிந்தும் காரை எடுக்காதவரிடம் நிமிடக் கணக்கில் கட்டணம் பிடிக்கும் நிலையங்கள் உண்டு. பசியாறப் போவோர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும்போது சிம்பாங் பூலாயில் ஏறத்தாழ 20 விழுக்காடு இருக்கும். அங்கே மறுபடி 80 வரை ஏற்றினால் யான் வரை இடையில் நிற்காமல் வந்து, 10 விழுக்காடு மிச்சத்தோடு வீட்டுப் பிளக்கில் செருகலாம். பினாங்கிலோ சுங்கை பட்டாணியிலோ உறவினர் வீட்டுக்குள் நுழைந்து வருவோர் 85 வரை போடட்டும்.