அந்நிய முதலீடும் உள்ளூர்ப் பட்டறையும்

அந்நிய முதலீடு உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் என்பர் சிலர். நசுக்கும் என்பர் வேறு சிலர். இரண்டும் நிகழக் கூடியவையே.

வெனிசுவேலா நாட்டை ஆராய்ந்த எய்ட்கனும் ஹாரிசனும் (1999), உள்நாட்டு ஆலைகளின் உற்பத்தித் திறன் அதனால் குறைந்ததைக் கண்டனர். சந்தை பறிபோனால் உற்பத்தி சுருங்குகிறது. வாடகையும் இயந்திரச் செலவும் சுருங்குவதில்லை. லிதுவேனியாவை ஆராய்ந்த ஜாவோர்சிக் (2004), அந்நிய ஆலைகளுக்குப் பொருள் வழங்கும் தொழில்களில் திறன் உயர்ந்ததைக் கண்டார். நம் நாட்டில் 1982-இல் மாருதி சுசுகியுடன் ஒப்பந்தம் செய்தபின் உதிரி பாகத் தொழில் வளர்ந்ததும் இவ்வழியே. போட்டியில் நின்ற பிரீமியர் பத்மினியோ மறைந்தது.

என் தந்தையார் லேத் பட்டறைத் தொழிலாளி. அந்நியக் கார் ஆலை ஒன்றுக்காக அவர்கள் கடைந்த முதல் தொகுதி, அளவு பிசகித் திரும்பி வந்தது. முதலாளி கடன் பெற்று அளவுக் கருவிகள் வாங்கினார். ஆலையின் பொறியாளர் வந்து மைக்ரோமீட்டர் பார்க்கக் கற்பித்தார். அதே லேத், அதே எட்டு மணி நேரம். கழிவு மட்டும் குறைந்தது. உற்பத்தித் திறன் என்பது இதுவே. கடன் கிடைக்காத அடுத்த பட்டறை மூடப்பட்டது.

ஆகவே, முதலீட்டை வரவேற்கும் அரசு சிறு தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் உடன் அளித்தல் வேண்டும்.

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்