புளிப்பின் மூன்று முகங்கள்

கெட்ட பொருளைக் கண்டு விலக்க இயற்கை நமக்குத் தந்த காவலன் நாக்கு. பால் திரிந்தால் நாக்கு சொல்லும். சோறு ஊசிப்போனால் நாக்கு சொல்லும். ஆனால் அதே நாக்குத்தான் மோரின் புளிப்பை விரும்புகிறது. புளிக்குழம்பை இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்குகிறது. அங்ஙனமாயின் புளிப்பு என்பது குறையா, குணமா?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு ஒரு நல்ல பாடம் பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. அதன் தலைநகரான புருசெல்சிலும், தென்மேற்கே சென் ஆற்றை ஒட்டிய ஊர்களிலும் 'லாம்பிக்' என்னும் புளித்த பீரைக் காய்ச்சுகிறார்கள். அதில் ஒயின் செய்யும் திராட்சையை ஊறவைத்து மற்றொரு பானமும் உண்டாக்குகிறார்கள். மதுவின் பெருமையைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நொதித்தல் என்னும் வேதியியலையும் சுவைத்தல் என்னும் திறனையும் ஒருங்கே கற்க இது ஏற்ற எடுத்துக்காட்டு என்பதனாலேயே இங்கு எடுத்துக்கொண்டோம்.

அழையாமல் வரும் உயிர்கள்

1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே ஓர் ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அன்றுமுதல் பீர்த் தொழிலில் தூய்மையே சட்டமாயிற்று. வேண்டிய ஈஸ்ட்டை மட்டும் அளந்து சேர்ப்பது, வேறு எவ்வுயிரையும் உள்ளே விடாதிருப்பது என்னும் முறை உலகெங்கும் பரவியது.

லாம்பிக் காய்ச்சுவோர் இம்முறைக்கு நேர்மாறானவர்கள். அவர்கள் எந்த ஈஸ்ட்டையும் சேர்ப்பதில்லை. இது நமக்கு வியப்பாகத் தோன்ற வேண்டியதில்லை. நம் வீட்டில் இட்லி மாவை அரைத்து மூடி வைத்துவிட்டு உறங்கப் போகிறோம். உறை ஊற்றுவார் யாருமில்லை. ஆயினும் காலையில் மாவு பொங்கி நிற்கிறது. அரிசியிலும் உளுந்திலும் ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள் அவ்வேலையைச் செய்து முடிக்கின்றன. லாம்பிக்கில் அவை காற்றிலிருந்தும், கட்டடத்தின் மரங்களிலிருந்தும், பழைய பீப்பாய்களிலிருந்தும் வருகின்றன. வேறுபாடு அவ்வளவே.

செய்முறை இது: மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு முளைகட்டிய பார்லியும், ஏறத்தாழ ஒரு பங்கு முளைகட்டாத கோதுமையும் சேர்த்துச் சாறு எடுக்கிறார்கள். அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைப் போட்டு நெடுநேரம் கொதிக்க விடுகிறார்கள். பிற பீர்களுக்குப் புதிய பூ வேண்டும். இதற்கோ சில ஆண்டுகள் கிடந்து பழகிய பூவே வேண்டும். பழைய பூவில் கசப்புக் குறைந்திருக்கும். கெடுக்கும் உயிர்களைத் தடுக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும். பின்னர்ச் சாற்றை, கூரைக்கு அடியில் உள்ள அகன்ற, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றி ஓர் இரவு முழுதும் திறந்து வைக்கிறார்கள். புருசெல்சின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900-இல் தொடங்கிய காந்தியோன் காய்ச்சுசாலையில் இத்தொட்டி 7,500 லிட்டர் கொள்ளும். அங்கே சிலந்திகளைக் கொல்வதில்லை. பழத்தை நாடி வரும் ஈக்களை அவை பிடித்துத் தின்னும் அன்றோ!

மறுநாள் சாறு மரப் பீப்பாய்க்குப் போகிறது. அங்கே உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்சி செய்கின்றன. முதல் வாரங்களில் குடல்வகைப் பாக்டீரியாக்கள். அவற்றை அடக்கிச் சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் அடுத்து. சில மாதங்கள் சென்றபின் லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள். இறுதியில் மெல்ல வளரும் 'பிரெட்டனோமைசிஸ்' என்னும் காட்டு ஈஸ்ட். இக்காட்டு ஈஸ்ட்டை 1904-இல் உலகுக்கு அறிவித்தவர் கார்ல்ஸ்பர்க்கில் பணியாற்றிய கிளாசன். ஆங்கிலேயரின் பீரில் கண்டமையால் பிரிட்டனின் பெயரை அதற்கு இட்டார். 1921-இல் குஃபெராத், வான் லார் என்னும் இருவர் லாம்பிக்கிலிருந்தே அதைப் பிரித்தெடுத்தனர்.

திராட்சை சேரும்போது

இரண்டு ஆண்டு அளவில் முதிர்ந்த லாம்பிக்கில் திராட்சையைப் போட்டால் என்ன நிகழும்? பழத்தின் சர்க்கரையை உண்டு நொதித்தல் மீண்டும் தொடங்கும். காந்தியோனில் வெள்ளைத் திராட்சையான மஸ்கட்டைக் கொண்டு 'வின்யெரோன்' என்ற பானத்தையும், பிரான்சின் போர்தோப் பகுதியில் பெயர்பெற்ற மெர்லோ என்னும் கருந்திராட்சையைக் கொண்டு 'சேன் லாம்வினுஸ்' என்ற பானத்தையும் செய்கிறார்கள். முன்னதற்கு மணம் சிறப்பு. பின்னதற்கு நிறமும் துவர்ப்பும் சிறப்பு.

இனிச் சுவைக்கு வருவோம். முதன்முறை சுவைப்பவர் முகத்தைச் சுளித்து, 'புளிக்கிறது' என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அக்கிண்ணத்தில் இருப்பது ஒரு புளிப்பன்று, மூன்று.

முதலாவது லாக்டிக் அமிலத்தின் புளிப்பு. இது தயிரின் புளிப்பு. மென்மையாக வந்து நாக்கு முழுவதும் பரவும். பானத்தின் அடித்தளம் இதுவே.

இரண்டாவது அசிட்டிக் அமிலத்தின் புளிப்பு. இது காடியின் புளிப்பு. நாக்கைத் தொடுமுன் மூக்கைத் தொடும். தொண்டையில் சுருக்கென்று குத்தும். பீப்பாயின் மரத்தினூடே காற்றுப் புகுவதால் சிறிது உண்டாவது இயல்பு. மிகுந்தாலோ அந்தப் பீப்பாய் கெட்டது என்று பொருள்.

மூன்றாவது டார்டாரிக் அமிலத்தின் புளிப்பு. இதைத் திராட்சை கொண்டுவருகிறது. பெரும்பாலான பழங்களில் மிகுதியாக இல்லாத இவ்வமிலம் திராட்சையிலும் நம் புளியம்பழத்திலும் நிறைந்திருக்கிறது. கூர்மையாக வந்து, பல்லைக் கூசச்செய்து, வாயில் நீர் ஊறவைக்கும். ரசம் உண்டு வளர்ந்த நாக்குக்கு இது புதிய அறிமுகமன்று, பழைய நட்பு.

சுவைக்கும் முறை

பானம் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்கலாகாது. மிகுந்த குளிர் மணத்தை அடைத்துவிடும். முதலில் நிறத்தைக் காண்க. அடுத்து முகர்க. மஸ்கட் திராட்சையின் மணத்தில் ஒரு பகுதி லினலூல் என்னும் பொருளால் வருவது. கொத்துமல்லி விதையின் மணமும் பெரும்பாலும் அப்பொருளாலேயே ஆனது. பின்னர்க் குதிரைக் கொட்டிலை நினைவூட்டும் ஒரு மணம் எழும். அது பிரெட்டனோமைசிஸ் தந்தது. இதே மணம் சிவப்பு ஒயினில் மிகுந்தால் ஒயின் செய்வோர் குற்றம் என்று அஞ்சுவர். லாம்பிக்கிலோ அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்பர். ஒரே பொருள், இரு வீடுகளில் இரு தீர்ப்பு!

அதன் பின் ஒரு வாய் கொண்டு, உடனே விழுங்காமல் நாக்கில் பரவ விடுக. எப்புளிப்பு முதலில் வந்தது, எது கடைசியில் நின்றது என்று கேட்டுக்கொள்க. கருந்திராட்சையாயின், தோலும் விதையும் தந்த துவர்ப்பு ஈறுகளை நெல்லிக்காய்போல் பிடிக்கும். இவையெல்லாம் ஒன்றையொன்று அடித்து வீழ்த்தாமல் ஒத்து நின்றால் பானம் நன்று.

இங்ஙனம் பிரித்தறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. ஓர் ஆண்டு, ஈராண்டு, மூவாண்டு முதிர்ந்த லாம்பிக்குகளைக் கலந்து 'கூஸ்' என்னும் பானம் செய்வோர், ஒவ்வொரு பீப்பாயையும் சுவைத்துப் பார்த்தே எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று முடிவு செய்கிறார்கள். அவர்கள் தொழிலின் மூலதனம் நாக்கு. இனிப்பூட்டிய பழப் பீர்கள் சந்தையைப் பிடித்த காலத்தில் அந்நாக்குக்கு வேலை குறைந்தது. காய்ச்சுசாலைகள் பல மூடப்பட்டன. 1978-இல் ஷான்-பியேர் வான் ராய் தம் காந்தியோன் காய்ச்சுசாலையையே அருங்காட்சியகமாகத் திறந்து, பழைய புளிப்பை மக்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

இன்று வேறொரு கவலை வந்திருக்கிறது. சாறு தக்கபடி ஆற, உறைநிலைக்குச் சற்றுக் கீழிருந்து 8 டிகிரி சென்டிகிரேட் வரையிலான குளிர்ந்த இரவு வேண்டும். ஆகவே அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே காய்ச்சுவது வழக்கம். 2015 நவம்பரில் இரவுகள் குளிராமற் போனமையால் காந்தியோனில் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது. புவி வெப்பமடைந்தால் ஒரு சுவையும் அழியக்கூடும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

மதுவைத் தொடாமலே இப்பாடத்தை நம் விடுதி அறையில் பயிலலாம். மூன்று கிண்ணங்களில் புளித்த மோரின் தெளிவு, நீர் மிகக் கலந்த காடி, நீர்த்த புளிக்கரைசல் ஆகியவற்றை வைத்துக்கொள்க. கண்ணை மூடிக்கொள்க. நண்பர் ஒருவர் வரிசையை மாற்றி மாற்றித் தரட்டும். பின்னர் இரண்டைக் கலந்து தரச் சொல்லி, எவை எவை என்று கண்டு சொல்லுக. சில நாள் பழகினால் நாக்குத் தெளியும். அதன் பின் எதையும் வெறுமனே 'புளிக்கிறது' என்று ஒதுக்க மனம் வராது, 'எப்புளிப்பு? எங்கிருந்து வந்தது?' என்று கேட்கத் தோன்றும். கேட்டறிந்தபின் வேண்டும் என்றோ வேண்டா என்றோ சொல்வது அவரவர் உரிமை.