பனி என்றால் காய்ச்சல்

பள்ளிக்கூட நர்ஸ் என்று ஒரு வேலை இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவிலும் பின்னர் இடுக்கியின் மூணாறு மலையிலும் நான் அந்த வேலையைப் பார்த்தவள். வேற்றுமொழி ஊரில் பிள்ளை வளர்க்கும் நம் வாசகர்களுக்கு உபயோகப்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1902இல் நியூயார்க் நகரப் பள்ளிகளில் கண்நோய், சொறி, பேன் என்று பிள்ளைகளை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லை. லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு நியமித்தார்கள். அவர் பள்ளியிலேயே மருந்திட்டார். வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் பேசினார். மேலும் பல நர்சுகள் சேர்ந்தபின், ஓராண்டுக்குள் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். நம் நாட்டில் 1909இல் பரோடா நகரில் மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை தொடங்கியது. 2013இல் வந்த ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டம் 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளைத் தேடுகிறது. பள்ளிக்கு ஆண்டுக்கொரு முறை, அங்கன்வாடிக்கு இருமுறை. ஒரு பள்ளிக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கெல்லாம் இல்லை. ஒருவர் பல பள்ளிகளுக்கு நடக்க வேண்டும்.

எடை, உயரம், பல், தோல், காது பார்ப்பது கஷ்டமல்ல. கஷ்டம் பேச்சில்தான். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. தேயிலை எஸ்டேட் லயங்களில் வீட்டுமொழி இன்றும் தமிழே. ஆனால் மலைக்கு மாற்றலாகி வரும் ஊழியர்களில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். "ராத்ரி பனி உண்டோ?" என்று கேட்டால் மூணாறு பையன், "ஆமா சிஸ்டர், தினம் பனிதான்" என்பான். அவன் சொல்வது லயத்துக்கு வெளியே இறங்கும் பனியை! அட்டையில் தினசரிக் காய்ச்சல் என்று ஏறிவிடும். 'சர்தி' என்றால் அங்கே வாந்தி. இந்தி பேசும் ஊரில் இருப்பவர்கள் ஜலதோஷம் என்று எண்ணிவிடுவீர்கள். சித்தூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் வாயில் வருவதால் இந்தத் தொல்லை குறைவு.

கண் பரிசோதனைக்கு எழுத்து அட்டை வைத்தால், எழுத்துத் தெரியாத பிள்ளையும் பார்வை குறைந்த பிள்ளையும் ஒன்றாகவே தெரிவார்கள். ஆங்கில 'ஈ' எழுத்தை நான்கு திசையிலும் திருப்பி அச்சிட்ட அட்டை இதற்கு உண்டு. பிள்ளை ஆறு மீட்டர் தூரத்தில் நின்று, அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். இதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

சோகைக்கு வாரம் ஒருமுறை நீலநிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும். தேயிலை மலையில் கட்டஞ்சாயா குடிக்காத பிள்ளை கிடையாது. தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஆகவே மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் தரும் சீட்டு. கொழுந்தெடுக்கும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி நஷ்டம். ஒரு சிறுமியின் இருதயத்தில் வேண்டாத சத்தம் கேட்கிறது என்று முன்பே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மாதங்களாகியும் போகவில்லை. சாயங்காலம் லயத்துக்குப் போனேன். சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. தமிழில் வாசித்துச் சொன்னதும் அந்தத் தாய், "இப்படின்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா கடன் வாங்கியாவது போயிருப்பேனே சிஸ்டர்" என்றார். கடன் தேவைப்படவில்லை. பிறவி இருதயக் கோளாறுள்ள பிள்ளைகளுக்காகக் கேரள அரசு 2017இல் தொடங்கிய 'ஹ்ருத்யம்' திட்டத்தில் இலவசமாக ஆபரேஷன் நடந்தது. சிறுமி மறுபடி பள்ளிக்கு வந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் தமிழில் சில வரி எழுதிக் கொடுத்தேன்: பிள்ளைக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, செலவு உண்டா இல்லையா. நீங்கள் இருக்கும் ஊரில் அப்படி எழுதித் தர ஆள் இல்லாவிட்டால், சீட்டு வந்த அன்றே அந்த ஊர் மொழி வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டி இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலி, மயக்கம், மூச்சுத்திணறல், வாந்தி என்ற நான்கு சொற்களைப் பிள்ளைக்கு அந்த ஊர் மொழியிலும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.